கீழுதட்டின் உள்பக்கம்

அத்தியாயம் 14

அவளைச் சிரிக்க வைக்காதீர்கள். இன்று ஒரு நாள் மட்டும் என் மகளைச் சிரிக்க வைக்காதீர்கள்.

வாய்விட்டுச் சொல்லக்கூடிய வேண்டுகோள் இல்லை அது. திருநாளும் அதுவுமாகப் பெற்றவளே பிள்ளையின் சிரிப்புக்குத் தடை போடுகிறாள் என்று பேச்சாகிவிடும். அதனால் நெவேனா அதை வாணலியில் பொரிந்துகொண்டிருந்த மீனிடம் சொன்னாள். மீன் கேட்டுக்கொண்டது.

கூடத்தில் மறுபடியும் சிரிப்பு. ஆண்களின் கனத்த சிரிப்பு. அதற்குள் லென்காவின் குரல் கலந்திருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். இல்லை. நிம்மதியாக இருந்தது. மகள் சிரிக்கவில்லை என்பதற்காக நிம்மதிப்படும் தாயாக ஒரே வாரத்தில் மாறிவிட்டிருந்தாள்.

லென்காவுக்குப் பதினோரு வயது. கீழ்வரிசை முன்பற்களில் ஒன்றின் ஈறு கோடையிலிருந்தே இறங்கிக்கொண்டு வந்தது. அந்த ஒரு பல் மட்டும் நீளமாக, அடியில் வேர் மஞ்சளாகத் தெரிய ஆரம்பித்தது. பள்ளியில் ‘முயல்’ என்று கூப்பிட்டார்கள். உதட்டின் உள்பக்கச் சதை ஈறைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கிறது, இப்படியே விட்டால் பல்லே ஆடிப்போகும் என்றார் டாக்டர் வுகாஷின். போன வாரம் அவரே மேலண்ணத்திலிருந்து நகத்தளவு சதையை வெட்டி எடுத்து, அந்தப் பல்லுக்குக் கீழே ஒட்டுப்போட்டு, தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைத்தார்.

தைத்து முடித்ததும் அவர் லென்காவின் முகத்துக்கு நேராகக் குனிந்து சொன்னது நெவேனாவுக்கு அப்படியே நினைவிருக்கிறது.

“இந்த உதட்ட இழுத்து யாருக்கும் காட்டக் கூடாது. கண்ணாடி முன்னாடி நின்னு நீயும் பாக்கக் கூடாது. ஒட்டு வச்ச சதைக்கு இனிமேத்தான் ரத்தம் வந்து சேரணும். இழுத்தா எல்லாம் போச்சு. கடவுளே வந்து கேட்டாலும் காட்டாத. என்ன?”

லென்கா தலையாட்டினாள். சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்கிற குழந்தை அவள். அன்றிலிருந்து கண்ணாடி இருக்கும் பக்கமே திரும்பவில்லை. ஆறிய சூப்பை வாயின் ஓரமாக ஸ்பூனால் விட்டுக்கொண்டாள். அண்ணத்தில் சதை எடுத்த இடம் இரவில் எரியும்போது அழவும் இல்லை. அழுதால் உதடு இழுபடும் என்று அவளாகவே கண்டுபிடித்திருந்தாள்.

“திருநாள் முடிஞ்சதும் வச்சுக்கலாமே கூமே,” என்று நெவேனா அப்போதே கேட்டுப் பார்த்தாள்.

“பிள்ளை வாய்க்கு வைத்தியம் பாக்குறோமா, வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோமா? நாள் பாத்துச் செய்ய?” என்று சிரித்தார் அவர். அவள் கணவன் ராங்கோவும் சேர்ந்து சிரித்தான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வுகாஷின் இந்தக் குடும்பத்தின் கூம். ராங்கோ–நெவேனா திருமணத்தில் சாட்சியாகப் பின்னால் நின்றவர். லென்காவின் ஞானஸ்நானத்தில் அவளைக் கையில் ஏந்தியவர். பெயர் வைத்தவரும் அவரே. இவர்களுக்கு அவர் கூம், அவருக்கு நெவேனா கூமா. தன் மகளின் பெயரை நெவேனா கோவிலில்தான் முதன்முதலாகக் கேட்டாள். மனதுக்குள் வேறொரு பெயர் வைத்திருந்தாள். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கூம் கேட்டு இல்லை என்று சொன்ன வீடு வால்யெவோ ஊரில் கிடையாது.

போதாததற்கு, புத்தாண்டு முடிந்ததும் அவருடைய புது கிளினிக் திறக்கப்போகிறது. தொழிற்சாலை மூடியதிலிருந்து வேலையில்லாமல் இருக்கும் ராங்கோதான் அதற்கு மேலாளர் என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

சமையலறைக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு ரத்மிலா வந்தாள். ராங்கோவின் அக்கா. காலித் தட்டுகளைத் தொட்டியில் சத்தமாகப் போட்டாள்.

“உன் பொண்ணு என்ன, ஊமைச்சாமி மாதிரி நிக்கிறா? வர்றவங்க எல்லாம், வாயக் காட்டுடி, கூம் என்ன பண்ணியிருக்கார்னு பாப்போம்னு ஆசையாக் கேக்குறாங்க. இவ உதட்ட இறுக்கி மூடிக்கிட்டு மாடு மாதிரித் தலைய ஆட்டுறா.”

“காட்டக் கூடாதுன்னு கூம் சொல்லியிருக்கார் அண்ணி.”

“ஊர்ல இல்லாத ஆபரேஷன்! எங்களுக்கெல்லாம் பல்லு இருந்துதா, இருந்துது. விழுந்துதா, விழுந்துது. இங்க பாரு.” ரத்மிலா வாயைத் திறந்து இரண்டு தங்கப் பற்களைக் காட்டினாள். “என் புருஷன் என்ன ஓடியா போயிட்டான்?”

“அண்ணி, அவள உள்ள அனுப்பிடுங்களேன். கொஞ்ச நேரம் நீங்க கோதுமைத் தட்டப் பிடிச்சுக்கோங்க. நின்னு நின்னு களைச்சிருப்பா.”

“நானா? வீட்டுப் பொண்ணு நிக்கிற இடத்துல நான் நின்னா பாக்குறவங்க என்ன நினைப்பாங்க? பிள்ளைக்கு ஏதோ சீக்குன்னு நினைப்பாங்க. அப்புறம் நாளைக்கு எவன் வந்து கட்டுவான் அவள?”

“அவளுக்குப் பதினொண்ணுதான் ஆகுது.”

“அவளுக்குப் பதினொண்ணு. ஈறுக்கு அறுபது!”

சொல்லிவிட்டு ரத்மிலாவே சிரித்தாள். தன் நகைச்சுவை தனக்கே பிடித்துப்போனதில் அதைக் கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போனாள். சற்று நேரத்தில் அங்கிருந்து பெரிய சிரிப்பு எழுந்தது.

நெவேனா கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள்.

வாசலுக்கு நேரே சிறு மேசை. அவித்த கோதுமையை அரைத்து, சர்க்கரையும் அக்ரூட்டும் கலந்து குவித்து, நடுவில் சிலுவை வரைந்திருந்தது. இது புனித நிக்கோலாவின் நாள். ராங்கோவின் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து இந்த வீட்டுக்குக் காவல் அவர்தான். வருகிறவர்கள் சிலுவை போட்டுக்கொண்டு, தட்டிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, ஸ்பூனைத் தண்ணீர் டம்ளரில் இட்டுவிட்டு உள்ளே போவார்கள். வெள்ளைக் கழுத்துப்பட்டி வைத்த கவுனோடும் புதுக் காலணிகளோடும் லென்கா அந்தத் தட்டைப் பிடித்தபடி நின்றாள். ஈறுக்கு அறுபது என்று கூடமே சிரித்துக்கொண்டிருக்கும்போது அவளும் சிரித்தாள், கண்களால் மட்டும். உதடுகள் அசையவில்லை.

அந்தக் கண்களைப் பார்க்க நெவேனாவுக்குத் தாங்கவில்லை. மீனைத் திருப்பிப்போடப் போய்விட்டாள். அடுப்பு வேலை எப்போதுமே அவளுக்கு ஒரு ஒளிந்துகொள்ளும் இடமாக இருந்தது. யாரும் அதைக் கோழைத்தனம் என்று சொல்ல முடியாது. வீட்டில் விருந்தாளிகள் இருக்கிறார்களே.

நண்பகல் தாண்டியபோது வுகாஷின் வந்தார்.

அவர் குரல் அவருக்கு முன்னால் வந்தது. “திருநாள் வாழ்த்துகள், வீட்டுக்காரரே! நூறு வருஷம் இந்த மெழுகுவத்தி எரியட்டும்!”

“வாங்க கூமே, வாங்க வாங்க!” ராங்கோ ஓடினான். வீட்டுக்காரன் இன்று உட்காரக் கூடாது. புனிதரின் விருந்தாளிகளுக்கு நின்றபடியேதான் பரிமாற வேண்டும். காலையிலிருந்து நின்று அவன் கால் வீங்கியிருந்தது. ஆனாலும் கூமைப் பார்த்ததும் புதிதாக எழுந்து நின்றவன் போலிருந்தான்.

வுகாஷின் தனியாக வரவில்லை. கூடவே கம்பளிக் கோட்டுப் போட்ட, கழுத்தே இல்லாத ஒரு மனிதர்.

“சுகாதார ஆபீஸ்ல பெரிய ஆள்,” என்று ராங்கோ சமையலறைக்குள் தலையை நீட்டி நெவேனாவிடம் கிசுகிசுத்தான். “கிளினிக் அனுமதி இவர் கையிலதான் இருக்காம். நல்ல துண்டா பாத்து எடுத்து வை. நடுத் துண்டு.”

“அவர எதுக்கு நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தார்?”

“திருநாள்டி! யாரையாவது கூப்பிட்டா வர்றாங்க? வந்தவங்கள ஏன் வந்தீங்கன்னா கேப்பாங்க?”

அது உண்மைதான். வீட்டுத் திருநாளுக்கு யாரையும் அழைப்பதில்லை. தெரிந்தவர்கள் தாமாக வருவார்கள், தெரியாதவர்களையும் அழைத்து வருவார்கள். வந்தவரைத் திருப்பி அனுப்பும் வழக்கம் இல்லை. அன்று யாரோடும் சண்டை இல்லை, யாருக்கும் இல்லை என்ற சொல் இல்லை.

ஆனால் அந்த மனிதர் எதற்காக வந்திருக்கிறார் என்று நெவேனாவுக்குத் தெரிந்துவிட்டது. திருநாளுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டபோது வுகாஷின் ஏன் சிரித்தார் என்பதும் இப்போதுதான் புரிந்தது. திருநாளில் ஒட்டுப் புதிதாக இருக்க வேண்டும். காட்டுவதற்கு.

அவள் மீனின் நடுத் துண்டைத் தட்டில் எடுத்து வைத்தாள். எலுமிச்சை வெட்டினாள். அவித்த அவரையை ஓரத்தில் வைத்தாள். பிறகு அந்தத் தட்டைக் கையில் எடுப்பதற்குத் தேவைக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டாள்.

கூடத்தில் வுகாஷின் மூன்றாவது கிளாஸ் ராக்கியாச் சாராயத்தை வாயில் கவிழ்த்துவிட்டு எழுந்தார்.

“லென்கா! வாடா கண்ணு. தட்ட வச்சிட்டு வா. சன்னல் பக்கம் வா, வெளிச்சம் இருக்கட்டும்.”

லென்கா தட்டை மேசையில் வைத்தாள். வந்தாள். சன்னலருகே போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

“உதட்ட எறக்கு.”

அவள் தலையை ஆட்டினாள்.

“பாத்தீங்களா? காலைலேருந்து இப்படித்தான்!” என்றாள் ரத்மிலா.

“கூமே,” லென்கா பற்களைத் திறக்காமல் பேசினாள். “நீங்கதானே சொன்னீங்க. கடவுளே வந்து கேட்டாலும் காட்டக் கூடாதுன்னு.”

 வுகாஷின் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

“கடவுளுக்குத்தான்டா சொன்னேன்! நான் உன் கூம்!”

மேசை முழுவதும் சிரிப்பு. அதிகாரிகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். லென்கா தன் அப்பாவைப் பார்த்தாள். ராங்கோ கையில் ஒயின் ஜாடியோடு நின்றிருந்தான்.

“காட்டும்மா,” என்றான். “கூம்தானே.”

வுகாஷின் கட்டைவிரலை உதட்டுக்குள் விட்டுக் கீழே மடக்கினார்.

“பாருங்க சார். நிறத்தப் பாருங்க. ரோஜா! ஒரே வாரம். பதினோரு வயசுப் பிள்ளைக்கு இவ்வளவு சின்ன இடத்துல ஒட்டு வச்சு நிக்க வைக்கிறதுன்னா சும்மா இல்ல. பெல்கிரேடுல போய்க் கேளுங்க, பெரியவங்களானதும் வாங்கன்னு திருப்பி அனுப்புவாங்க.”

“எனக்குச் சரியாத் தெரியலயே டாக்டர். கண்ணாடி கோட்டுல இருக்கு.”

“போய் எடுத்துட்டு வாங்க. நான் பிடிச்சிருக்கேன்.”

அதிகாரி எழுந்து நடைக்குப் போனார். அங்கே பத்துப் பதினைந்து கோட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கின. எல்லாம் கறுப்பு. அவர் ஒவ்வொன்றின் பையாகத் துழாவினார். “இது என்னோடதில்ல... இதுவும் இல்ல...” ரத்மிலா உதவப் போனாள். யாருடைய பையிலோ பாதி தின்ற பிஸ்கட் இருந்தது என்று அவள் சொல்ல, அதற்கு ஒரு சிரிப்பு. அவ்வளவு நேரமும் வுகாஷின் உதட்டை விடவில்லை. மேசைப் பக்கம் திரும்பி, கிளினிக்குக்குத் தருவித்திருக்கும் ஜெர்மன் நாற்காலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சின் உற்சாகத்தில் கை அசைந்தது. கையோடு உதடும் அசைந்தது.

லென்காவின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. தொடைக்கு அடியிலிருந்து ஒரு கையை எடுத்து அவர் மணிக்கட்டைத் தொட்டாள்.

“கைய எடு லென்கா,” என்றான் ராங்கோ.

அவள் கையை எடுத்தாள்.

அதிகாரி கண்ணாடியோடு வந்து குனிந்தார். “ஆமாமா... இப்ப தெரியுது. இது என்ன, நூலா?” என்றார். “இன்னும் கொஞ்சம் கீழ... ம்ம்.” பிறகு நிமிர்ந்தார். “ரத்தம் வருதே டாக்டர்?”

நெவேனா அப்போதுதான் தட்டோடு கூடத்துக்குள் வந்தாள். மகளின் முகவாயிலிருந்து சிவப்பாக ஒரு கோடு இறங்கி வெள்ளைக் கழுத்துப்பட்டியில் விழுவதைப் பார்த்தாள். பார்த்த பிறகு அவள் முதலில் செய்தது, தட்டை வைக்க மேசையில் இடம் தேடியது. இதைப் பின்னால் அவள் பல முறை நினைத்துப் பார்ப்பாள். என் பிள்ளையின் வாயில் ரத்தம் வந்தது, நான் மீன் தட்டுக்கு இடம் தேடினேன்.

குளியலறையில் வுகாஷினுக்குப் போதை தெளிந்திருந்தது. லென்காவைத் தொட்டியின் விளிம்பில் உட்கார வைத்து, ஒரு விரலால் மெதுவாக உதட்டை இறக்கினார்.

“ரெண்டு தையல் பிரிஞ்சிருச்சு.” இன்னும் குனிந்து பார்த்தார். “மூணு.”

“விழுந்துருச்சா?” என்றாள் லென்கா.

“பேசாத.”

ஒட்டுச் சதை ஒரு பக்கம் முழுவதும் எழும்பி, ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. நெவேனா டவலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

“திரும்பத் தைக்க முடியாதா கூமே? இப்பவே உங்க பழைய கிளினிக்குக்குப் போயிடலாமே. நான் வர்றேன்.”

“அந்த ஆள உக்கார வச்சிட்டு எங்க போறது? அதுவுமில்லாம இது செத்த சதை. விட்டா சீழ் பிடிக்கும். சின்னக் கத்தரி இருக்கா?”

செத்த சதை. சற்று முன்புதான் அது ரோஜாவாக இருந்தது.  நெவேனா நகம் வெட்டும் கத்தரியை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைக் கையோடு கொண்டுவந்திருந்த டம்ளரில் மிச்சமிருந்த ராக்கியாவில் முக்கி எடுத்து, ஒரே வெட்டு. லென்கா முனகக்கூட இல்லை. அரிசிமணியைவிடக் கொஞ்சம் பெரிதாக, வெளிறிய ஒன்று கழுவுதொட்டியில் விழுந்தது. லென்கா குனிந்து அதைப் பார்த்தாள். தன் வாயின் மேலே இருந்தது, ஒரு வாரம் வாயின் கீழே இருந்தது, இப்போது தொட்டியில் இருந்தது. அதற்காகத்தான் அவள் ஒரு வாரம் அழாமல் இருந்தாள்.

வுகாஷின் குழாயைத் திறந்துவிட்டார்.

“வருத்தப்படாத. அண்ணத்துல இன்னொரு பக்கம் இருக்கே. பிப்ரவரியில எடுத்து வச்சிடலாம்.”

பஞ்சை மடித்து உதட்டுக்குள் வைத்துவிட்டு, பூ வேலை செய்த துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். கதவு சரியாக மூடவில்லை. அவர் கூடத்தில் சொன்னது இருவருக்கும் கேட்டது.

“ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. சாப்பிடுங்க. பிள்ளைங்கதானே! விரலால நோண்டியிருக்கா. எவ்வளவு சொல்லி அனுப்பினாலும் கேக்குதுங்களா?”

“நான் காலைலயே பாத்தேன்,” ரத்மிலாவின் குரல். “யாரும் பாக்காதப்ப கோதுமைய அள்ளி வாயில போட்டா. அக்ரூட்டு கடிச்சா தையல் நிக்குமா?”

“விரலா, அக்ரூட்டா?” என்று யாரோ கேட்டார்கள்.

“ரெண்டுந்தான்!”

ராங்கோவின் குரலுக்காக நெவேனா காத்திருந்தாள். சன்னலிலிருந்து மூன்றடி தூரத்தில் நின்றிருந்தவன் அவன். விரலும் இல்லை, கோதுமையும் இல்லை என்று தெரிந்தவன். கிளாஸ்கள் மோதும் சத்தம் கேட்டது. அவன் ஒயின் ஊற்றிக்கொண்டிருந்தான்.

நெவேனா லென்காவைப் பின்பக்கமாகப் படுக்கையறைக்கு அழைத்துக்கொண்டு போய்க் கட்டிலில் சாய்த்தாள். கழுத்துப்பட்டியைக் கழற்றினாள்.

“நான் நோண்டலம்மா.” பஞ்சுக்கு இடையிலிருந்து குரல் குழறியது.

“தெரியும்.”

“கோதுமையும் திங்கல.”

“தெரியும்டா. பேசாத.”

லென்கா கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். பிறகு கேட்டாள்.

“அப்பாவுக்குத் தெரியுமா?”

தெரியாது என்று சொன்னால் அது பொய். தெரியும் என்று சொன்னால் இந்தக் குழந்தைக்கு இன்றோடு ஒரு அப்பா குறைந்துபோவார். நெவேனா மகளின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். பதில் சொல்லாமல் இருப்பதும் ஒரு பதில்தான் என்பதைப் பதினோரு வயதில் தெரிந்துகொள்ளக் கூடாது. லென்கா தெரிந்துகொண்டுவிட்டாள். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கதவைத் தட்டிக்கொண்டு இருவரும் வந்தார்கள். முதலில் வுகாஷின், பின்னால் ராங்கோ. வுகாஷின் கட்டிலின் ஓரத்தில், லென்காவின் கால்மாட்டில் உட்கார்ந்தார். குரல் மிக மென்மையாக இருந்தது. லென்காவுக்கு மயக்க ஊசி போடும்போது பேசிய அதே குரல்.

“கூமா, நடந்தது நடந்துபோச்சு. யார் தப்புன்னு இப்பப் பேச வேண்டாம். அந்த மனுஷன் கோட்ட மாட்டிக்கிட்டு நிக்கிறான். கேள்வி மேல கேள்வி. குழந்தைங்க வாயில இப்படித்தான் வெட்டுவீங்களான்னு கேக்குறான். லென்கா வந்து ஒரு வார்த்த சொல்லட்டும். ‘நான்தான் விரல வச்சேன், மன்னிச்சிருங்க கூமே.’ அவ்வளவுதான். அவன் சிரிச்சிருவான். நானும் சிரிச்சிருவேன். ஒரு கிளாஸ் ஊத்துவோம். முடிஞ்சுது.”

“ஒரு வார்த்ததானே நெவேனா,” என்றான் ராங்கோ.

லென்கா போர்வையை வாய்க்கு மேலே இழுத்துக்கொண்டாள்.

“அவ வர மாட்டா,” என்றாள் நெவேனா.

ராங்கோ அவளைப் பார்த்தான். அவள் எந்த மொழியில் பேசினாள் என்று தெரியாதவன் போல.

“ஏய். இன்னிக்கு என்ன நாள்?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா? என் வேலை, இந்த வீடு, எல்லாம் அந்தாள் கையிலதான் இருக்கு, புரியுதா உனக்கு? அவளுக்குப் பதினொரு வயசு. நாளைக்கு மறந்துருவா.”

“விடு ராங்கோ, விடு.” வுகாஷின் கையை உயர்த்தினார். “கூமா சொல்றது சரி. பிள்ளை சோர்ந்திருக்கு. அவ வேண்டாம். நீங்க வந்து சொல்லுங்க கூமா. விரல வச்சத நீங்க பாத்ததா சொல்லுங்க. பெத்தவ சொன்னா யாரும் மேல கேக்க மாட்டாங்க.”

அவர் காத்திருந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. சந்தேகமும் இல்லை. கேட்டால் கிடைக்கும் என்ற பழக்கம் மட்டுமே இருந்தது.

“யோசிச்சுக்கோங்க,” என்றார், இன்னும் மென்மையாக. “அந்தப் பல்லு இப்படியே நிக்காது. வெட்டின இடத்துல இன்னொருத்தன் கை வைக்க மாட்டான். நான் தொட்ட வாய இந்த ஊர்ல எந்த டாக்டர் தொடுவான்? பிப்ரவரியில யார்கிட்டப் போவீங்க?”

 யாரிடம் போவது என்று நெவேனாவுக்கு உண்மையிலேயே தெரியாது. மறுப்பது என்றால் பெரிய பலம் வேண்டும், பாரம் தூக்குவது போல, என்று இத்தனை வருடங்கள் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பலம் என்றாவது ஒரு நாள் வரும் என்று காத்துக்கொண்டும் இருந்தாள். அது இன்றும் வரவில்லை.  ஆனால் சம்மதம் சொல்வதற்கு எதையாவது உள்ளே தேடி எடுக்க வேண்டுமே, அங்கே எதுவும் மிச்சமில்லை.

கூடத்திலிருந்து அதிகாரியின் குரல் வந்தது. “டாக்டர்! நான் கிளம்பட்டுமா, இருக்கட்டுமா?”

“இதோ வந்துட்டோம் சார்!” என்று கத்தினான் ராங்கோ. பிறகு குரலைத் தாழ்த்தி, கிட்டத்தட்டக் கெஞ்சினான். “நெவேனா. எழுந்திரு.”

நெவேனா எழுந்தாள். வுகாஷின் வழிவிடுவதற்காகக் காலை மடக்கிக்கொண்டார்.

அவள் கதவுப் பக்கம் போகவில்லை. கட்டிலின் மறுபக்கம் சுற்றிவந்து, குனிந்து, லென்காவின் புதுக் காலணிகளின் நாடாவை அவிழ்த்தாள். ஒன்றைக் கழற்றினாள். மற்றொன்றைக் கழற்றினாள். இரண்டையும் ஜோடியாகக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தாள்.

“நான் சொல்ல மாட்டேன் கூமே,” என்றாள்.